முன்னால் நடக்கிறவன்

உட்காருங்க தம்பி. அந்தப் பெஞ்சு ஆடுது, இங்கிட்டு வாங்க, என் பக்கத்துல. காலை நீட்டுங்க. பழனிக்கு நடக்கிறவனுக்குக் காலைக் காட்ட என்ன வெக்கம். அடடா, கொப்புளத்தைப் பிச்சு விட்டுட்டீகளே. பிய்க்கக் கூடாது தம்பி. ஊசியில நூலைக் கோத்து இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்து, நூலை உள்ளயே விட்டுறணும். தண்ணி தானா வடியும், தோலு மேல இருக்கும். சரி, ஆனது ஆச்சு. முதல்ல மோரு குடிங்க. பந்தல்காரம்மா நல்லவுக, கேட்டவுகளுக்கெல்லாம் ஊத்துவாக.

கூட வந்த ஆளுக முன்னால போயிட்டாகளா. போகட்டும். மனசுல வச்சுக்கிறாதீங்க, அவுக செஞ்சதுதான் முறை. ஒருத்தர் காலுக்காக ஒரு கூட்டமே உட்கார முடியுமா. எனக்குத் தெரியும் தம்பி. நானும் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு இந்த ரோட்டுல வருசா வருசம் நடந்தவன்தான்.

நமக்கு ஊரு திருப்பத்தூருக்குப் பக்கம், சிவகங்கைத் திருப்பத்தூரு. பேரு ராக்கப்பன். ஆனா ராக்கப்பன்னு கேட்டா ஊருக்குள்ள ஒருத்தருக்கும் தெரியாது, மேஸ்திரின்னாத்தான் தெரியும். நூல் மில்லுல மேஸ்திரியா இருந்து ரிட்டயரானவன். என் ஷிப்டுல மிசின் நின்னதில்ல. ஆளு நிப்பான், மிசின் நிக்காது. மேனேஜரே சொல்லுவாரு, ராக்கப்பன் ஷிப்டா, அப்ப நான் வீட்டுக்குப் போகலாம்னு.

எங்க ஊருல இருந்து பாதயாத்திரை முன்னேயிருந்து போயிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அது போறதா தம்பி. கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி போவாக. ரெண்டு பேரு முன்னால, நாலு பேரு டீக்கடையில, பொம்பளைக எங்கிட்டோ. ஒரு வருசம் சிங்கம்புணரி தாண்டி, எங்க சாத்தையா, நல்ல மனுசன், பாட்டுப் பாடிக்கிட்டு ரோட்டு நடுவுல நடந்திருக்கான். லாரிக்காரன் அடிச்சுட்டுப் போயிட்டான். பழனிக்குப் போகவேண்டிய மாலையோட பொணமா ஊருக்குத் திரும்பி வந்தான். அவன் பொண்டாட்டி அந்த மாலையைக் கழட்ட விடல.

அதுக்கப்புறம் யாரும் போகமாட்டேன்னாக. நான்தான் சொன்னேன், நான் கூட்டிட்டுப் போறேன், என் பேச்சைக் கேக்கிறவன் மட்டும் வரட்டும்னு. ஒத்தை வரிசை. எதுத்தாப்புல வர்ற வண்டியைப் பாத்து நடக்கணும். விசில் ஒண்ணு ஊதினா கிளம்பணும், ரெண்டு ஊதினா நிக்கணும். இத்தனை மணிக்கு இந்த ஊருன்னா அத்தனை மணிக்கு அந்த ஊருல இருப்போம். அன்னையிலேருந்து ஒரு ஆளுக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல தம்பி. இதை நீங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாக. சேவுகனைக் கேட்டாலும் சொல்லுவான். சேவுகன் யாருன்னு சொல்றேன்.

எனக்கு ஒரு குணம். முன்னால நடந்தா திரும்பிப் பாக்க மாட்டேன். மில்லுல படிச்ச பாடம் அது. முன்னால நிக்கிறவன் ஒருதரம் பின்னால பாத்தான்னா, பின்னால இருக்கிறவனும் பின்னால பாப்பான். அப்புறம் எல்லாரும் பாப்பாக. வரிசை நின்னு போகும். நான் நடக்கிறேன்னா, பின்னால வர்றாகன்னு அர்த்தம். அந்த நம்பிக்கை இல்லாதவன் முன்னால நிக்கவே கூடாது.

அதே மாதிரி, நான் அதட்டி ஆளை நடத்தினதில்ல. அதட்டணும்னு அவசியமே வரல. சாப்பிட உக்காருற எடத்துல ஒரே சிரிப்பாக் கிடக்கும், நான் போனேன்னா சத்தம் நின்னுரும். அம்புட்டு மரியாதை. எனக்குத்தான் மொத இலை. நானும் தள்ளியே உக்காந்துக்கிருவேன். நான் பக்கத்துல இருந்தா அவுகளுக்குப் பேச சங்கடமா இருக்கும்ல, தலைவன்னா அதெல்லாம் பாக்கணும்.

சேவுகன் எங்க ஊருல ஐஸ் வண்டிக்காரன். மொபெட்டுல பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊரு ஊராப் போறவன். போற ஊருல எல்லாம் நாலு வீட்டுல உக்காந்து பேசிட்டு வருவான், ஐஸு உருகிப் போயிரும். அவனுக்கு அது கவலையில்ல. எந்தக் காரியத்துக்கும் நேரத்துக்கு வந்தவனில்ல. எங்க வரிசையில அவன் எப்பவும் கடைசி. சப்பாணி மாதிரி நடப்பான், ஆனா காலுல ஒண்ணும் கிடையாது. யாரு பின்தங்குறாகளோ அவுக கூட நடப்பான். அதுல அவனுக்கு ஒரு சந்தோசம். நான் அவனை ஒரு ஆளாவே எடுத்ததில்ல தம்பி, உண்மையைச் சொல்றேன்.

போன வருசத்துக்கு முந்தின தை. இதே ரோடுதான், நத்தத்துக்கு அந்தப் பக்கம். எங்க பக்கத்துத் தெரு அழகம்மை, புருசன் இல்லாத பொம்பளை, சக்கரை வியாதிக்காரி. மாலை போடுற அன்னைக்கே நான் பொதுவாச் சொன்னேன், சக்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவுக வரவேண்டாம்னு. அவ வாயைத் திறக்கல. மகளுக்கு வேண்டுதலாம், வந்துட்டா. அன்னைக்குக் காலையில ஒண்ணும் சாப்பிடாம விரதம்னு நடந்திருக்கா. வெயில் ஏற ஏற ஆளு தள்ளாடியிருக்கு. பக்கத்துல நடந்தது என் வீட்டுக்காரி, மீனாள். அவ என்னையக் கூப்பிட்டாளாம். அப்புறம் எல்லாரும் என்கிட்ட அதைத்தான் சொன்னாக, உங்களைக் கூப்பிட்டாகளே மேஸ்திரின்னு.

கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. கேக்காம என்ன. ‘ஏங்க’ன்னு ஒரு சத்தம், அப்புறம் இன்னொண்ணு. ஆனா அவ ஒவ்வொரு வருசமும் கூப்பிடுறவதான் தம்பி. அந்தா ஒரு மயிலு பாருங்கம்பா. இந்த மரத்தடியில கொஞ்சம் நிக்கலாமாம்பா. தலைவன் பொண்டாட்டி கூப்பிட்டான்னு தலைவன் திரும்பினா மத்தவுக என்ன நினைப்பாக. நான் திரும்பல.

தங்குற எடம் ஒரு பள்ளிக்கூடத்து வேப்பமரம். அங்க போயி நின்னு பாக்குறேன், வரிசையில பல்லு விழுந்த மாதிரி எடம் காலியாக் கெடக்கு. வந்தவுக சொன்னாக, அழகம்மை மயங்கி விழுந்துட்டா, சேவுகன் மடியில இருந்த வெல்லத்தை வாயில வச்சுட்டு, ரோட்டுல வந்த காய்கறி வண்டியை மறிச்சு ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான், மீனாளும் கூடப் போயிருக்கான்னு. சரி, பாக்க வேண்டியவுக பாக்குறாக. நாம நின்னு என்ன செய்யப் போறோம். நாம என்ன டாக்டரா.

அடுத்த ஊருல எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு. வருசா வருசம் ஒரு குடும்பம் போடுறது. நாங்க வர்ற நேரம் தெரிஞ்சு சோறு வடிச்சு வச்சிருப்பாக. சொன்ன நேரத்துக்குப் போகலைன்னா அவுக முகத்துல எப்படி முழிக்கிறது. நான் அதைத்தான் நினைச்சேன். தப்பா தம்பி? ஒருத்தன் சொல்றான், அவுக வந்ததும் போவோம் மேஸ்திரின்னு. இன்னொருத்தி அழுகுறா. நான் விசிலை ஊதிட்டு நடந்தேன்.

நடந்தேன். நல்ல வெயிலு. அன்னைக்குக் காலு என்னமோ லேசா இருந்துச்சு. ரெண்டு பக்கமும் மாந்தோப்பு, ஒரு வண்டி வாகனம் இல்ல. பின்னால காலடிச் சத்தம் கேக்கலையேன்னு ஒரு நினைப்பு வந்துச்சு. சரி, களைப்புல மெதுவா வர்றாகன்னு நினைச்சுக்கிட்டேன். ஊரு எல்லைக்கு வந்துட்டேன். சாப்பாடு போடுற வீட்டுக்காரரு எதுக்க ஓடி வந்து என் காலுல தண்ணி ஊத்திட்டு, எனக்குப் பின்னால எட்டிப் பாக்குறாரு.

ஆளுக எங்க சாமின்னாரு.

அப்பத்தான் திரும்பினேன் தம்பி. ரோடு நேரா இருந்துச்சு, ரொம்ப தூரத்துக்குத் தெரிஞ்சுச்சு. ஒரு ஆளு இல்ல.

வருவாகன்னு சொன்னேன். அவுக பந்தலுக்குள்ள கூட்டிட்டுப் போயி உக்கார வச்சாக. வரிசையா இலை போட்டு, இலைக்கு இலை தண்ணி தெளிச்சு வச்சிருக்காக. உப்பு வச்சாச்சு, கூட்டு வச்சாச்சு. நான் மொத இலையில உக்காந்தேன். எனக்கு அடுத்து அம்புட்டு இலையும் காத்துல படபடன்னு அடிக்குது. அந்த வீட்டு அம்மா கையில சோத்துச் சட்டியோட நிக்கிறாக. போடுங்கன்னேன். போட்ட சோத்தை வேண்டாம்னு சொல்லக்கூடாதுல்ல. சாப்பிட்டேன். நல்ல சாப்பாடு, கத்திரிக்கா போட்ட சாம்பாரு.

சாயங்காலம்தான் வந்தாக. பாட்டுப் பாடிக்கிட்டு வந்தாக தம்பி. சேவுகன் கடைசியில வர்றான். அழகம்மையையும் கூட்டிட்டு வந்துட்டாக, ஊசி போட்டு, தேறி, ஒரு வண்டியில உக்கார வச்சு. டாக்டரு ஏசினாராம், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆளு இல்லைன்னு. நானும் அதைத்தானே மாலை போடுற அன்னைக்கே சொன்னேன். அந்த அழகம்மை எறங்கி நேரா என்கிட்ட வந்தா. கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘என்னால உங்களுக்கு எம்புட்டுச் சிரமம் மேஸ்திரி’ன்னா.

‘நான் அப்பவே சொன்னேன்ல’ன்னேன். திட்டல, கோவப்படல. மீனாள் பக்கத்துல நின்னா. என்னை ஒரு மாதிரி பாத்தா. அழுக போறா, ஆஸ்பத்திரியில அலைஞ்ச களைப்புன்னு நினைச்சேன். அழுகல. போயி பொம்பளைகளோட உக்காந்து ஆறின சோத்தைச் சாப்பிட்டா.

சேவுகன் மட்டும் வந்து, ‘அண்ணே, எந்திரிங்க, எல்லாரும் ஒண்ணாப் போவோம்’னான். யாருக்கு யாரு உத்தரவு போடுறது? வரிசையைக் கலைச்சது யாருன்னு கேட்டேன். சிரிச்சான். அவன் எதுக்கும் சிரிப்பான்.

அந்த வருசம் பழனிக்கு எப்படியோ போயி வந்துட்டோம். அடுத்த மார்கழியில பிள்ளையார் கோயில்ல கூடினோம். என்னைய யாரும் வேண்டாம்னு சொல்லல தம்பி, அப்படி யாரும் உங்ககிட்ட சொன்னா நம்பாதீங்க. சேவுகன்தான் சொன்னான், அண்ணே முன்னால போகட்டும், நான் பின்னால வர்றேன், நடுவுல எல்லாரும் நடக்கட்டும், நான் கையைத் தூக்கினா அண்ணே நிக்கட்டும்னு. எல்லாரும் தலையாட்டுறாக. அவன் கையைத் தூக்கினது எனக்கு எப்படித் தெரியும்? நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே நடக்கணும். ஒரு ஐஸ் வண்டிக்காரன் கை எப்பத் தூக்குவான்னு.

அதெல்லாம் சரிப்படாது, நீங்க உங்க பாட்டுக்குப் போங்க, நான் தனியா நடந்துக்கிறேன்னேன். சொல்லிட்டு நின்னேன். எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாக. பாத்தீகளா, அப்பவும் அந்த மரியாதை குறையல. வெளியில வந்து செருப்பைத் தேடினேன். கூட்டத்துல எங்கிட்டோ தள்ளி விட்டிருக்காக. நிதானமாத்தான் தேடினேன். யாராச்சும் கூப்பிடுவாகன்னு இல்ல, செருப்பு கிடைக்கல, அதான். உள்ள கெளம்புற நாளைப் பேச ஆரம்பிச்சுட்டாக.

மறுநாள் சேவுகன் வீட்டுக்கு வந்தான். நான் உள்ரூமுல இருந்தேன். மீனாள்கிட்ட காப்பி வாங்கிக் குடிச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தான். நான் வெளிய வரட்டும்னு உக்காந்திருந்தானோ என்னமோ. நான் வரல. அவனா கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன். கூப்பிடல. அண்ணன் தூங்குறாக போலன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

கெளம்புற அன்னைக்கு நான் விடியக்காலையில குளிச்சு, துணி மூட்டையைக் கட்டி வாசலுக்கு வந்தா, மீனாளும் அவ மூட்டையைக் கட்டி வச்சுட்டுப் பச்சைச் சேலையில நிக்கிறா. சரி, நாம ரெண்டு பேராப் போறோம்னு நினைச்சு, வான்னேன். அவ வரல.

‘நான் அவுகளோட வர்றேன்’னா.

ஏன்னு கேட்டேன். அவ ரொம்பப் பேசுறவ இல்ல. கீழ பாத்துக்கிட்டே சொன்னா. ‘இத்தனை வருசமும் உங்க முதுகைப் பாத்தே நடந்துட்டேன்.’

அம்புட்டுத்தான். மூட்டையைத் தலையில வச்சுக்கிட்டுக் கோயில் பக்கம் போயிட்டா. நான் அதை ரொம்ப யோசிச்சுப் பாத்தேன் தம்பி. போன வருசம் பழனி வரைக்கும் அதையே யோசிச்சுக்கிட்டுத்தான் நடந்தேன், வேற யாரு இருக்கா பேசறதுக்கு. முதுகைப் பாத்து நடக்கிறது ஒரு தைரியம்தானே? முன்னால ஒருத்தன் போறான், பள்ளமோ பாம்போ மொதல்ல அவனுக்குத்தான்னு. அவ அதைப் பெருமையாத்தான் சொல்லியிருப்பா. வருத்தமாச் சொல்லியிருந்தா முகத்துல தெரியுமே. முகம் தெரியல, கீழ குனிஞ்சிருந்தா.

பொம்பளைகளுக்குப் பேச்சுத்துணை வேணும். அதுதான் விசயம். வீட்டுலயும் அப்படித்தான். அழகம்மை கூட போனுல பேசிச் சிரிச்சுக்கிட்டிருப்பா. நான் உள்ள வந்தேன்னா போனை வச்சுருவா. இன்னமும் அந்த மரியாதை வச்சிருக்கா.

போன வருசம் நான் சரியான நேரத்துக்குப் பழனி போயிட்டேன். தேரு நிலையை விட்டு எறங்குறப்ப நான் எதுக்க நிக்கிறேன். அப்படி ஒரு தரிசனம் எனக்கு வாச்சதே இல்ல. கூட்டம் அலை மாதிரி தள்ளுது, நான் அசையாம நிக்கிறேன். பக்கத்துல நின்னவர்கிட்ட, பாத்தீகளா, சொன்ன நேரத்துக்கு வந்தா எப்படின்னு சொன்னேன். அவரு கேரளாக்காரரு போல. என்னமோன்னு சிரிச்சுட்டு அங்கிட்டுத் திரும்பிக்கிட்டாரு. சேவுகன் கூட்டம் மறுநாள்தான் வந்துச்சு. தேரைப் பாக்கவே இல்ல. யாருக்கோ பேரன் பொறந்துட்டான்னு போன் வந்துச்சாம், வழியில ஒரு ஊருல நின்னு மிட்டாய் வாங்கிக் குடுத்து அங்கயே தங்கிட்டாகளாம். தேரைப் பாக்காததுக்கு ஒருத்தருக்காச்சும் வருத்தம் இருக்கணும்ல. மண்டபத்துல உக்காந்து, தேரு போன கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாக. மீனாளும் சிரிக்கிறா. அவ அப்படி வாயைப் பொத்தாம சிரிச்சு நான் பாத்ததில்ல. தூண் பக்கத்துல நின்னு பாத்தேன். உள்ள போகல. போனா சிரிப்பு நின்னுரும்.

இந்த வருசமும் அப்படித்தான். அவுக பின்னால வர்றாக, நான் முன்னால. நான் நடக்கிற நடைக்கு இந்நேரம் திண்டுக்கல்லைத் தொட்டிருக்கணும். காலுல ஒரு பிடிப்பு, அதான் உக்காந்துட்டேன். பந்தல்காரம்மா என்னமோ ஐயா காலையிலேருந்து ரோட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காகன்னு உங்ககிட்ட சொன்னாகல்ல, நான் கேட்டேன். அவுகளுக்கு நூறு பேரு வந்து போற எடம், யாரு எப்ப வந்தாகன்னு எப்படி ஞாபகம் இருக்கும்.

இருங்க. கேக்குதா? அந்த வளைவுக்கு அந்தப் பக்கம். பாட்டு. அவுகதான், அழகம்மை குரலு தனியாத் தெரியும். சக்கரைக்காரி, இந்த வருசமும் வந்துட்டா பாருங்க.

நான் கெளம்புறேன் தம்பி. இல்ல, நான் இருக்கக்கூடாது. இருந்தா சேவுகன் பாத்துருவான். பாத்தா, அண்ணே வாங்கம்பான். அவன் வஞ்சகமில்லாதவன், மெய்யாவே கூப்பிடுவான். கூப்பிட்டா போகணும். போனா அவுக நடுவுலயோ பின்னாலயோ நடக்கணும். எனக்கு அது தெரியாது. முன்னால ஒருத்தன் முதுகு இருக்க நான் நடந்ததே இல்ல. கையை எங்க வச்சுக்கிறது, யாருகிட்ட என்ன பேசுறதுன்னு எனக்குப் புரியாது.

நீங்க இங்கயே இருங்க. அந்தக் காலை வச்சுக்கிட்டு உங்க ஆளுகளைப் பிடிக்க முடியாது. சேவுகன்கிட்ட கொப்புளத்தைக் காட்டுங்க, உங்களை விட்டுட்டுப் போகமாட்டான். உங்க நடைக்கு நடப்பான், அதுல சந்தேகமே வேண்டாம். நான் அனுப்பினேன்னு சொல்லாதீங்க.

ஒரே ஒரு உதவி. அந்தக் கூட்டத்துல பொம்பளைக எல்லாரும் பச்சைச் சேலையிலதான் இருப்பாக. மீனாள் ஒல்லியா, கொஞ்சம் உசரம், மூட்டையைப் பிடிக்காமலே தலையில வச்சு நடப்பா. அவளுக்கு இடது குதிகாலு வெடிச்சிருக்கு, வீட்டுலயே நொண்டினா. என்கிட்ட சொல்லல, நான் கவனிச்சேன். இப்பவும் நொண்டுறாளான்னு மட்டும் பாருங்க. காலையில ஏதாச்சும் சாப்பிட்டாளான்னு, கேக்க முடிஞ்சா கேளுங்க, நான் கேட்டேன்னு வேண்டாம்.

பாத்துட்டு எனக்கு வந்து சொல்லுங்க. எப்படிப் பிடிக்கிறதுன்னு யோசிக்காதீங்க. ரோடு ஒண்ணுதானே. எனக்கும் இந்தப் பிடிப்பு விடுற மாதிரித் தெரியல, அதனால நான் மெதுவாத்தான் போவேன்.